வடை உடுமலையில், கிரைண்டர் கணபதியில்

எனக்குக் கோபம் வரும் என்பது உடுமலைப்பேட்டையில் பஸ் கண்டக்டர்கள் வரைக்கும் தெரிந்த விஷயம். என் வீட்டுக்காரருக்குக் கோபமே வராது என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஒரு கடைக்கு இப்படி இரண்டு பேர் அமைந்தால் சரியாக இருக்கும் என்று நினைத்துத்தான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கடையைத் திறந்தோம். அவர் பின்பக்கம் உட்கார்ந்து மிக்சி, ஃபேன், மோட்டார் என்று எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார். நான் முன்னால் கல்லாவில். என் நகையில் பாதி கடை அட்வான்ஸுக்குப் போயிருந்தது. பொம்பளை கல்லாவில் உட்கார்ந்தால் கடை உருப்படுமா என்று என் அப்பா கேட்டிருந்தார். உருப்படாவிட்டால் உங்கள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று நானும் வாயை விட்டிருந்தேன். கடை போனால் நகையும் போகும், பிறந்த வீடும் போகும் என்கிற நிலைமை.

அந்தச் சமயத்தில்தான் கோயமுத்தூரை ஒட்டிய கணபதியிலிருந்து ஒருவர் வந்தார். சின்னதாக ஒரு பட்டறை போட்டு, மேசை மேல் வைக்கிற கிரைண்டர் செய்ய ஆரம்பித்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வாய் நிறைய 'ங்க'. கார் டிக்கியிலிருந்து மெஷினைத் தானே தூக்கிக்கொண்டு எங்கள் படியேறினார்.

"ஏனுங்கம்மணி, இதை ஒரு ஓரமா வெச்சுக்குங்க. வித்தாக் காசு குடுங்க. விக்காட்டி நானே வந்து எடுத்துட்டுப் போயிர்றேன்."

"இத்தூண்டு கல்லு என்னங்கண்ணா ஆட்டும்?" என்று கேட்டேன். அந்தக் காலத்தில் கிரைண்டர் என்றால் சமையலறையில் ஒரு மூலையை அடைத்துக்கொண்டு, தரையோடு தரையாக நிற்கிற பெரிய உருப்படிதான். மாவை அள்ளுவதற்குள் முதுகு போய்விடும்.

"எல்லாக் கடையிலயும் இதையேதானுங்க கேக்கறாங்க" என்றார். முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சரி, வைத்துவிட்டுப் போங்கள் என்றேன். போகும்போது, "இனி உடுமலைக்கு நீங்க மட்டும்தானுங்க, வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு யாரும் கேட்கவே இல்லை என்பது வேறு விஷயம்.

மெஷின் ஓரத்திலேயே கிடந்தது. வருகிறவர்கள் அதைத் தட்டிப் பார்த்து, பொம்மை மாதிரி இருக்கிறது என்று சிரித்துவிட்டுப் போனார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு சந்தை நாளன்று உளுந்தை ஊறவைத்துக் கடைக்கு எடுத்துப் போனேன். வாசலில் மேசையைப் போட்டு, மெஷினைத் தூக்கி வைத்து, எல்லார் முன்னாலும் ஆட்டினேன். தண்ணீரைக் கையில் அள்ளி அள்ளித் தெளித்து ஆட்டினால் உளுந்து பொங்கிக்கொண்டு மேலே வரும். அதில் ஒரு துளி எடுத்து டம்ளர் தண்ணீரில் போட்டேன். மிதந்தது. கூட்டத்தில் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்தில் ஸ்டவ்வைப் பற்றவைத்து, அதே மாவில் வடை தட்டிப் போட்டேன். மிளகும் இஞ்சியும் கறிவேப்பிலையும் போட்ட உளுந்து வடை, சட்டியிலிருந்து நேராகக் கைக்கு.

அன்றைக்கே இரண்டு மெஷினுக்குச் சொல்லி வைத்துவிட்டுப் போனார்கள். அடுத்த சந்தையில் இன்னும் கூட்டம். தென்னந்தோப்புக்காரர்கள் வீட்டுப் பெண்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள். கல்யாணச் சீருக்கு மேசைக் கிரைண்டர் வைப்பதுதான் கௌரவம் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அதைக் கிளப்பியதும் நான்தான். கணபதிக்காரர் பட்டறையை இடித்துப் பெரிதாகக் கட்டினார். ஷெட் போட்டார், கேட் வைத்தார், கேட்டுக்கு ஒரு வாட்ச்மேனையும் வைத்தார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நம் கையால் ஒருவர் மேலே வந்தார் என்றால் யாருக்குத்தான் பெருமையாக இருக்காது.

பிறகு ஒரு நாள் ஒரு அம்மா மெஷினோடு வந்தார். சந்தைக்குச் சந்தை தவறாமல் வந்து, முன்வரிசையில் நின்று வடை சாப்பிட்டவர். பெல்ட் நழுவுகிறது, பார்த்துக் கொடுங்கள் என்றார்.

"இது எங்க கடையில எடுத்ததில்லைங்களே" என்றேன்.

"இல்லைங்கம்மணி. கணபதியில, கம்பெனியிலயே எடுத்தோம். அங்க வெல கொறச்சல்."

"அப்ப இங்க எதுக்குங்க அத்தனை நாளு வந்து பாத்தீங்க?"

"பாக்காம எப்படிங்க எடுக்கறது?" என்றார் அந்த அம்மா. "வடை ரொம்ப நல்லாருந்துதுங்க. அதுக்கப்பறந்தான் எங்க ஊட்டுக்காரருக்கே நம்பிக்கை வந்துச்சு."

குரலில் துளிக்கூடக் கள்ளம் இல்லை. நல்ல மனசோடு என்னைப் பாராட்டினார். எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

விசாரித்தால் ஊர் முழுக்க இதே கதை. என் உளுந்து, என் எண்ணெய், என் கைவலி. வடையைத் தின்றுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, கோயமுத்தூர் பஸ் ஏறிவிடுகிறார்கள். மெஷின் மக்கர் பண்ணினால் மட்டும் கணபதிக்குப் போவதில்லை, இங்கே தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். இனிமேல் நம் கடையில் வாங்காத மெஷினுக்கு நம் கடையில் சர்வீஸ் கிடையாது என்று அன்றே சட்டம் போட்டேன். என் வீட்டுக்காரர் சரி என்று தலையாட்டினார். நான் சாப்பிட வீட்டுக்குப் போனதும் பின்பக்கக் கதவு வழியாக வாங்கி, ரிப்பேர் பண்ணி, பின்பக்கமே அனுப்பிவிட்டார். கேட்டால், "ஊடு தேடி வந்தவங்களை எப்படி அம்மணி வேண்டாங்கறது?" என்றார். அவருக்கு ஏன் கோபம் வருவதில்லை என்ற கோபத்தையும் சேர்த்து நானே பட்டுக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிக் கணபதிக்கே போனேன். கேட்டுக்கு வெளியே கல்யாணக் கூட்டம் மாதிரி வேன்கள் நின்றன. வாட்ச்மேன் ஒவ்வொருவரிடமும், "எந்த ஊருங்க? எந்தக் கோயிலுங்க?" என்று கேட்டுத்தான் உள்ளே விட்டார். எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் புதிதாகச் சந்தித்தால் கேட்டுக்கொள்கிற கேள்விதான் அது. குலதெய்வக் கோயில் ஒன்றாக இருந்தால் பங்காளி, வேறாக இருந்தால் மாமன் மச்சான். எப்படிச் சுற்றினாலும் கடைசியில் சொந்தமாகிவிடலாம். முதலாளி வீட்டுக் கோயில் பெயரைக் கோயமுத்தூர் ஜில்லாவே மனப்பாடம் செய்து வைத்திருந்தது.

முதலாளி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "வாங்கம்மணி, உக்காருங்க. இளநி வெட்டச் சொல்லட்டுங்களா?"

"இளநி கெடக்கட்டுங்கண்ணா. உடுமலைக்கு நான் மட்டும்னு சொல்லிப்போட்டு, எனக்கு விழுகற வெலைக்கே இங்க கேட்ல குடுத்தா நான் என்ன பண்றதுங்க?"

"அது யாவாரம் இல்லைங்கம்மணி. எல்லாம் ஒறம்பரைங்க. சொந்தக்காரங்க ஊடு தேடி வந்து கேட்டா, இல்லைன்னு எப்படிங்க சொல்றது? நீங்களே சொல்லுங்க."

"வெளிய நிக்கறது அத்தனையும் ஒறம்பரைங்களா?"

"அத்தனையும் ஒறம்பரைதானுங்க" என்றார் அசராமல். "சொந்தக்காரங்களைத் தவிர ஒரு ஆளுக்குக் குடுக்கறதில்லைங்க."

எங்கள் ஊர்ச் சண்டையில் இதுதான் தொந்தரவு. அவரும் 'ங்க' போடுகிறார், நானும் 'ங்க' போடுகிறேன். இரண்டு பேரும் கும்பிட்டு விடைபெறுகிறோம். வெளியே வந்த பிறகுதான் நாம் தோற்றுப்போனது தெரிகிறது. இளநீரையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

கேட்டுக்கு எதிரே பேக்கரியில் பாய் உட்கார்ந்திருந்தார். கோயமுத்தூர் டவுனில் உக்கடம் பக்கம் பாத்திரக்கடை வைத்திருந்தவர், கணபதிக்காரருக்கு ஆரம்பத்திலேயே கை கொடுத்த இன்னொரு டீலர். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"உங்க பாடு பரவாயில்லைங்கம்மணி. உங்க ஊர்க்காரங்க கேட்டுக்கு வர ரெண்டு பஸ் மாறோணும். என்ர கடையில மெஷினைத் தொட்டுப் பாத்துப்போட்டு, வாசல்லயே டவுன் பஸ் ஏறிர்றாங்க. பஸ் நம்பர் கேட்டா நானே சொல்றேன்."

"நீங்க ஒண்ணும் கேக்கலைங்களா பாய்?"

"கேட்டனுங்க. ஒறம்பரைக்கு மட்டும்னு சொன்னாரு. நான் என்னத்தைச் சொல்றது? எனக்கு ஏதுங்க கோயிலு?"

பன்னும் டீயும் சாப்பிட்டுவிட்டு இருவரும் அவரவர் வழியில் போனோம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இப்படியே போனால் அடுத்த தைக்குள் கடையை மூட வேண்டியதுதான் என்று நினைத்தேன். அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். சும்மா ஒரு பார்வை பார்ப்பார்.

ஆவணி பிறந்ததும் முதலாளி மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். தாம்பூலத் தட்டு, குங்குமம், கல்யாணப் பத்திரிகை. ஒரே மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை எங்கள் பக்கம்தான், அமராவதி அணைக்குப் போகிற வழியில் தென்னந்தோப்பு. "குடும்பத்தோட வந்துபோடோணுமுங்க" என்று என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார். நேரில் வந்து தட்டு வைத்து அழைத்த பிறகு, கோபம் இருக்கிறது என்று போகாமல் இருக்க முடியாது. அவருக்கும் அது தெரியும்.

சரி, போகிறோம். ஆனால் என்ன கொடுப்பது? பாய்க்கு ஃபோன் போட்டேன். அவருக்கும் தட்டு வைத்து அழைப்பு வந்திருந்தது. கிரைண்டர்காரர் மகளுக்கு என்னங்க பாய் கொடுக்கிறது என்று கேட்டேன்.

"கிரைண்டரே குடுத்தறலாமுங்க" என்றார் பாய். "கேட்லயே எடுத்தறலாம்."

"நம்மளை வாட்ச்மேனுக்குத் தெரியுமுங்களே."

"என்ர மச்சானைத் தெரியாதுங்களே."

அந்த மச்சானை நான் பார்த்திருக்கிறேன். நீளத் தாடி, வெள்ளைத் தொப்பி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் போய் வரிசையில் நின்றிருக்கிறார். வாட்ச்மேன் பழக்க தோஷத்தில் எந்தக் கோயிலுங்க என்று கேட்டிருக்கிறார். எங்களுக்குப் பள்ளிவாசலுங்க என்று இவர் சொல்லியிருக்கிறார். வாட்ச்மேன் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "செரி, உள்ள போங்க" என்றாராம். சிவப்பு நிறத்தில் ஒரு மெஷினை அட்டைப்பெட்டியோடு தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். தண்ணீர் எப்போது ஊற்றுவது, உளுந்து முதலா அரிசி முதலா, ஒரு வார்த்தை இல்லை. பெட்டியைக் கொடுத்தார்கள், காசை வாங்கினார்கள், அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

மண்டபத்தில் பாயும் நானும் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு மேடையேறினோம். என் வீட்டுக்காரர், எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்கிற மாதிரி பின்னால் வந்தார். வீடியோக்காரர் எங்கள் மேல் விளக்கைத் திருப்பினார். முதலாளி மலர்ந்த முகத்தோடு குனிந்து பெட்டியைப் பார்த்தார்.

"ஏனுங்கம்மணி, நம்ம மெஷினாட்டம் இருக்குது?"

"உங்க மெஷின்தானுங்கண்ணா. கேட்ல எடுத்தது. எங்க கடையில எடுத்தா வெல கட்டுப்படியாகலைங்க."

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களுக்கு உடனே புரியவில்லை. யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்ததும் எல்லாரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார், காது மட்டும் சிவந்தது.

"கேட்ல ஒறம்பரைக்கு மட்டுந்தானுங்களே குடுக்கறது" என்றார் விடாமல்.

பாய் ஒரு அடி முன்னால் வந்தார். "என்ர மச்சான்தானுங்க போய் எடுத்துட்டு வந்தாரு. அப்ப நீங்களும் நானும் என்ன மொறையாகோணுமுங்க? இன்னைக்கே தெரிஞ்சுக்கிட்டா, பொண்ணுக்கு மாமன் சீரு நானே செஞ்சுபோடுவேன்."

கல்யாணப் பெண் மாலையில் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். தோள்கள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது. நாதஸ்வரக்காரர்கூட ஊதுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அந்த நிமிஷம் எனக்கு இருந்த ஆனந்தத்தை இப்போதும் சொல்லி முடியாது. போன நகை முழுக்கத் திரும்பிக் கழுத்துக்கு வந்தாற்போல் இருந்தது.

பந்தியில் முதலாளி நேராக எங்கள் இலைக்கு முன்னால் வந்து நின்றார். "அம்மணிக்கு இன்னும் ஜிலேபி வையுங்க. பாய்க்குப் பாயசம் ஊத்துங்க. போதும்பாங்க, கேக்காதீங்க." இலை நிரம்பி வழிந்தது. அவர் எத்தனை கோபமாக இருக்கிறார் என்பது எனக்கு அந்த ஜிலேபியைப் பார்த்ததும்தான் புரிந்தது.

அதற்குப் பிறகு சரக்கு வரவில்லை. நான் ஆர்டர் சொன்னால் சரிங்க என்பார்கள். லாரி ஆபீஸில் போய்க் கேட்டால் நம் பெயருக்கு ஒன்றும் வந்திருக்காது. ஃபோன் போட்டால், அண்ணன் வெளியே போயிருக்கிறார் என்று ஒரு பையன் சொல்வான். பின்னால் அண்ணன் இருமுகிற சத்தம் கேட்கும். கடையில் இருந்த மெஷின்கள் ஒவ்வொன்றாக விற்றுப்போய், கடைசியில் நான் வடைக்கு ஆட்டுகிற மெஷின் மட்டும் நின்றது.

"மேடையில அத்தனை பேச்சு வேணுமா அம்மணி?" என்றார் என் வீட்டுக்காரர். அவர் வாழ்க்கையில் என்னைத் திட்டியது அந்த ஒரு தடவைதான்.

எங்கே மோப்பம் பிடித்தாரோ, வேறொரு கம்பெனி ஆள் வந்தார். சுவர்க் கடிகாரம் ஒன்றைப் பரிசாக நீட்டி, எங்கள் கிரைண்டரை வையுங்கள், நீங்கள் கேட்கிற கமிஷன் தருகிறோம் என்றார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். ஆனால் எனக்கு மனசு வரவில்லை. அந்தக் கணபதி மெஷினுக்கு இந்த ஊரில் பெயர் வாங்கிக் கொடுத்தது என் கை. இத்தூண்டு கல் ஆட்டுமா என்று கேட்டவர்களிடம் ஆட்டும் ஆட்டும் என்று தொண்டை வறளச் சொன்னது என் வாய். அதை எடுத்துவிட்டு வேறொன்றை அதே மேசையில் வைத்து, இதுதான் நல்லது என்று எந்த வாயால் சொல்வது? கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு முழுக்க அழுகை அழுகையாக வந்தது.

சந்தை நாளில் வடை சுடுவதை மட்டும் நிறுத்தவில்லை. விற்க மெஷின் இல்லை, ஆனால் நிறுத்தினால் ஏஜென்சி போய்விட்டது என்று ஊருக்கே தெரிந்துவிடும். வீம்புக்குச் சுட்டேன்.

கார்த்திகை வாக்கில் ஒரு நாள் அந்தக் கல்யாணப் பெண் புருஷனோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். இரண்டு பேருக்கும் நடுவில் சிவப்பு கிரைண்டர்.

"அக்கா, நீங்க குடுத்ததுதானுங்க. மாவு சரியாவே வர்றதில்லை" என்றாள். "மாமியார் ஒண்ணும் சொல்றதில்லைங்க. இட்லியைக் கையில எடுத்து, தேங்காயைத் தட்டிப் பாக்கற மாதிரி ஒரு தட்டுத் தட்டிப்போட்டு வெச்சுர்றாங்க. கிரைண்டர் கம்பெனிக்காரர் பொண்ணுன்னு அக்கம்பக்கமெல்லாம் வேற வந்து பாக்கறாங்க."

என் வீட்டுக்காரர் மெஷினைப் போட்டுப் பார்த்தார். கல் சரி, பெல்ட் சரி, மோட்டார் சரி. எப்படி ஆட்டுகிறாய் கண்ணு என்று நான் கேட்டேன். அரிசியையும் உளுந்தையும் ஒட்டுக்காகக் கொட்டி, தண்ணீரை மொத்தமாக ஊற்றி, ஸ்விட்சைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாளாம்.

"உங்க ஊட்ல பாத்ததில்லையா கண்ணு?"

"எங்க ஊட்ல இன்னும் பழைய பெரிய கிரைண்டர்தானுங்கக்கா. அப்பாவுக்கு அதுல ஆட்டுனாத்தான் புடிக்கும்."

புருஷன் ஸ்கூட்டர் கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்கிற சாக்கில் திரும்பிக்கொண்டான். நானும் உதட்டைக் கடித்துக்கொண்டேன். சந்தையன்றைக்கு வா கண்ணு, பக்கத்தில் நின்று பார், எல்லாம் வந்துவிடும் என்று சொல்லி அனுப்பினேன். அவளும் வந்தாள், பார்த்தாள், போனாள். அடுத்த சந்தைக்கு மறுபடி வந்து, மாமியார் இட்லியைத் தட்டுவதை நிறுத்திவிட்டார் என்றாள். "அப்பாகிட்டயும் சொல்லிப்போட்டேனுங்க. உங்க கேட்ல பொட்டியை மட்டும் குடுத்து உட்டர்றீங்க, அக்கா சொல்லித் தராட்டி இந்த ஊர்ல உங்க மானம் போயிருக்கும்னு."

"அப்பா என்ன சொன்னாரு?"

"இருமுனாருங்க."

அதற்கடுத்த சந்தையில் கூட்டம் நெரிந்தது. தை முகூர்த்தங்களுக்குச் சீர் பார்க்க வந்த கூட்டம். உளுந்து பொங்கி வந்துகொண்டிருந்தது, சட்டியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. வடையைத் தட்டிக்கொண்டே நிமிர்ந்தால், கூட்டத்துக்குப் பின்னால் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பக்கத்தில் மகள். எனக்குக் கை நின்றுவிட்டது. ஏஜென்சியை முடித்துக்கொள்வதானால் ஃபோனில் சொல்ல மாட்டார், நேரில் வந்து கும்பிட்டுத்தான் சொல்வார். அந்த மனிதரின் மரியாதை அப்படி. வடை கருகப் போகிறது என்று யாரோ சொன்ன பிறகுதான் திருப்பிப் போட்டேன்.

மகள் இரண்டு வடையை வாங்கிக் கொண்டுபோய் அப்பாவிடம் கொடுத்தாள். அவர் ஊதி ஊதித் தின்றார். பக்கத்தில் குடிமங்கலம் பக்கத்து ஆள் ஒருவர், தோளில் துண்டும் கையில் வடையுமாக நின்றிருந்தார். முதலாளியைத் தன்னைப் போல ஒரு ஆள் என்று நினைத்துக்கொண்டு, குரலைத் தணித்துப் பேசினார். அந்த ஆள் தணித்த குரலே எனக்கு நன்றாகக் கேட்டது.

"ஏனுங்க, பொண்ணுக்குச் சீருங்களா? வடையைச் சாப்புடுங்க, நல்லாருக்கும். மெஷினு மட்டும் இங்க எடுத்துப்போடாதீங்க. நேரா கணபதி போயிருங்க, கேட்லயே குடுக்கறாங்க. எந்தக் கோயில்னு கேப்பாங்க. கோயிலு பேரு வேணும்னா நான் சொல்லித் தாரேன்."

"சொல்லுங்க" என்றார் முதலாளி.

அந்த ஆள் சொன்னார். முதலாளி மென்றதை விழுங்கிக்கொண்டு தலையாட்டினார்.

"அது எங்க கோயிலுங்க."

"அப்ப உங்களுக்குப் பிரச்சினையே இல்லைங்களே."

"இல்லைங்க. கேட்டு யாவாரத்தை நிறுத்தியாச்சு. இனி அங்க போனீங்கன்னா இளநிதான் குடுப்பாங்க. மெஷினு வேணும்னா இங்கதானுங்க எடுக்கோணும்."

"யாருங்க சொன்னது அப்படி?"

"நான்தானுங்க நிறுத்துனது."

அந்த ஆள் முதலாளியை மேலும் கீழும் பார்த்தார். கையிலிருந்த பாதி வடையைத் தின்பதா வைப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. முதலாளி என் பக்கம் திரும்பவே இல்லை. தெருவைப் பார்த்துக் கையைக் காட்டினார். அங்கே நின்றிருந்த வேனின் பின்கதவை டிரைவர் திறந்தார். அடுக்கடுக்காக அட்டைப்பெட்டிகள். கடைக்குள்ளிருந்து என் வீட்டுக்காரர் ஓடிப்போய் முதல் பெட்டியை இறக்கினார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

கண்ணில் நீர் வந்ததற்கு எண்ணெய்ப் புகையைச் சாக்காக வைத்துக்கொண்டு முந்தானையால் துடைத்தேன். குடிமங்கலத்துக்காரர் தயங்கித் தயங்கி மேசைக்கு வந்தார்.

"அப்ப இங்க என்ன வெலைங்கம்மணி?"

சொன்னேன். ஒரு ரூபாய் குறைக்கவில்லை.